கதை தந்த பெயர்

கோவிற்பட்டியிலிருந்து கிழக்கு நோக்கிச் செல்லும் சாலையின் இருமருங்கும் கரிசல் நிலம் பரந்து கிடக்கும். வற்றாத ஆறு ஒன்றும் இங்கே இல்லை. புரட்டாசியில் உழுது, ஐப்பசி மழையை எதிர்நோக்கிப் பருத்தியும் கம்பும் உளுந்தும் விதைத்து, வானத்தையே நம்பி வாழ்பவர் இம் மக்கள். கோடையில் இந் நிலம் பாளம் பாளமாக வெடித்து வாய் பிளந்து கிடக்கும். மழை பெய்துவிட்டாலோ, அதே மண் குழைந்து, நடப்பவர் காலை இறுகப் பற்றிக்கொள்ளும். கழுவினாலும் எளிதில் போகாது. இம் மண்ணில் பிறந்த கதைகளும் இத் தன்மையனவே. நெஞ்சில் ஒருமுறை ஒட்டிக்கொண்டவை தலைமுறை பல கடந்தும் விடுவதில்லை. அவ்வாறு ஒட்டிக்கொண்ட கதை ஒன்றையும், அதனால் நான் கற்ற பாடம் ஒன்றையும் இங்கே சொல்ல விரும்புகின்றேன்.

என் இளமைப் பருவத்தில், அறுவடை முடிந்த பின்னர் எங்கள் ஊர்க் களத்துமேட்டில் முதியோர் கூடியிருந்து கதை பேசுவது வழக்கம். என் பாட்டனார் எழுதப் படிக்க அறியாதவர். ஆயினும் கட்டபொம்மன் கதையை அவர் சொல்லத் தொடங்கினால், வண்டி பூட்டப் புறப்பட்டவரும் நுகத்தடியைக் கீழே வைத்துவிட்டு அமர்ந்துவிடுவர். வேட்டை நாய்களை முயல் ஒன்று எதிர்த்து நின்று துரத்திய அதிசயத்தையும், அவ்வீரம் விளைந்த மண்ணில் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை எழுந்ததையும் அவர் பாட்டும் உரையுமாகச் சொல்லுவார். கயத்தாற்றுப் புளியமரம் வரும் இடத்தில் அவர் குரல் தழுதழுக்கும். கேட்பவர் ஒருவரும் பேசமாட்டார். இருளில் மாடுகள் அசைபோடும் ஒலி மட்டும் கேட்கும்.

பாட்டனார் பாடிய கதைக்கு அடிப்படையான வரலாறு நீங்கள் அறிந்ததே. 1798-ஆம் ஆண்டு இராமநாதபுரத்தில் கலெக்டர் ஜாக்ஸனுக்கும் வீரபாண்டியக் கட்டபொம்மனுக்கும் நிகழ்ந்த சந்திப்பு கைகலப்பில் முடிந்தது. மறு ஆண்டு மேஜர் பானர்மன் படையுடன் வந்து பாஞ்சாலங்குறிச்சியைத் தாக்கினான். 1799-ஆம் ஆண்டு அக்டோபர் 16-ஆம் நாள், பாளையக்காரர் பலர் பார்த்திருக்கக் கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டான். பாளையங்கோட்டைச் சிறையிலிருந்த அவன் தம்பி ஊமைத்துரை 1801-இல் தப்பி வந்து, இடிந்த கோட்டையைச் சில நாட்களுக்குள் மீண்டும் எழுப்பிப் போரிட்டான். அவ்வாண்டு மே மாதத்தில் கோட்டை வீழ்ந்தது, தரைமட்டமாக்கவும் பட்டது.

கோட்டையை இடித்தவர்களால் பாட்டை இடிக்க இயலவில்லை. நாடோடிப் பாடகரும் கூத்தரும் அதனை ஊர்தோறும் கொண்டு சென்றனர். இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல் பாதிரியார் 1881-இல் வெளியிட்ட திருநெல்வேலி மாவட்ட வரலாற்றில், வெற்றி பெற்றவர் தரப்பிலிருந்து இப்போரின் செய்திகள் விரிவாக எழுதப்பெற்றன. தோற்றவர் தரப்பின் செய்தி அப்போது ஏட்டுக் கல்வி இல்லாதவர் நாவில்தான் வாழ்ந்தது. பின்னர் ம. பொ. சிவஞானம் கட்டபொம்மன் வரலாற்றை நூலாக எழுதினார். பேராசிரியர் நா. வானமாமலை கதைப்பாடலைப் பதிப்பிக்க, மதுரைப் பல்கலைக்கழகம் 1971-இல் அதனை வெளியிட்டது. இவ்விரண்டுக்கும் இடையில், சக்தி கிருஷ்ணசாமியின் உரையாடலுடன் சிவாஜி கணேசன் நடித்த நாடகம் மேடை ஏறியது. 1959-இல் பி. ஆர். பந்துலு அதனைத் திரைப்படமாக்கினார். மறு ஆண்டு கெய்ரோ நகரில் நடந்த ஆசிய ஆப்பிரிக்கப் படவிழாவில் சிறந்த நடிகருக்கான விருது சிவாஜி கணேசனுக்குக் கிடைத்தது.

அப்படம் எங்கள் ஊர் டூரிங் கொட்டகைக்கு மீண்டும் மீண்டும் வரும். வரி கேட்ட கலெக்டரைக் கட்டபொம்மன் எதிர்த்துப் பேசும் காட்சியைச் சிறுவர் நாங்கள் மனப்பாடமாகச் சொல்லித் திரிந்தோம். அச்சொற்கள் நாடக ஆசிரியர் இயற்றியவை என்பது எங்களுக்குத் தெரியாது. கட்டபொம்மனே அவற்றைப் பேசினான் என்றே நம்பினோம். கயத்தாற்றில் சிலை எழுந்தது. 1974-இல் தமிழ்நாட்டு அரசு பாஞ்சாலங்குறிச்சியில் நினைவுக் கோட்டை கட்டியது. விசயநாராயணத்தில் உள்ள கடற்படை நிலையம் அவன் பெயரைத் தாங்கிற்று. 1999-இல் அஞ்சல் தலையும் வெளியாயிற்று. களத்துமேட்டில் பாடப்பட்ட பாட்டு, காகிதத்திலும் கல்லிலும் திரையிலும் ஏறி நிலைபெற்றது.

கதையின் ஆற்றல் எந்நாட்டிலும் ஒன்றே. விக்டோரியா மகாராணி ஆண்ட காலத்தில் (1837–1901) இங்கிலாந்தில் நாவல் என்னும் இலக்கிய வகை பெருவளர்ச்சி பெற்றது. சார்லஸ் டிக்கன்ஸின் நாவல்கள் மாதந்தோறும் பகுதி பகுதியாக வெளிவந்தன. படிக்கத் தெரிந்த ஒருவர் படிக்க, தெரியாதவர் சூழ்ந்திருந்து கேட்பதும் உண்டு. நம் ஊர்க் களத்துமேட்டுக்கும் அக்கூட்டத்துக்கும் பெரிய வேறுபாடு இல்லை. அந்நாட்டு நாவல்களின் அலை நம் நாட்டுக் கரையையும் தொட்டது. வேதநாயகம் பிள்ளை 1879-இல் பிரதாப முதலியார் சரித்திரத்தை வெளியிட்டார். நம் தென்பகுதியில் பெருங்குளத்தில் பிறந்த அ. மாதவையா 1898-இல் பத்மாவதி சரித்திரத்தைத் தந்தார். ரெயினால்ட்ஸ் என்னும் ஆங்கிலேயர் எழுதிய மர்மக் கதைகள் ஆரணி குப்புசாமி முதலியார் கையில் தமிழுடை உடுத்து வந்தன.

அக்கால நாவல்கள் இன்றளவும் அந்நாட்டு மக்கள் வாழ்வில் கலந்து நிற்கின்றன. அவற்றை முழுதும் படித்தவர் சிலரே. ஆயினும் அவற்றின் மாந்தர் மேடையிலும் திரையிலும் பன்முறை தோன்றி, மக்களின் பேச்சுக்குள்ளும் புகுந்துவிட்டனர். டிக்கன்ஸ் 1843-இல் எழுதிய கிறிஸ்துமஸ் கதையில் வரும் கஞ்சனின் பெயர் ஸ்குரூஜ். இன்று ஆங்கிலத்தில் கஞ்சன் எவனையும் ஸ்குரூஜ் என்று அழைப்பர். ஸ்டீவன்சன் 1886-இல் எழுதிய நாவலில் வரும் ஜெக்கில், ஹைடு என்னும் இரு பெயர்கள், ஒரே மனிதனுக்குள் வாழும் நன்மைக்கும் தீமைக்கும் பெயராகிவிட்டன. ஒருவனுக்குரிய பெயர் பலருக்குப் பொதுச் சொல்லாகும்போதுதான் ஒரு கதையின் செல்வாக்கு முழுமை பெறுகின்றது.

இங்கேதான் நான் ஒரு பிழை செய்தேன்.

பல ஆண்டுகளுக்கு முன்பு, பள்ளி ஒன்றில் நான் தமிழாசிரியனாக இருந்தேன். ஆண்டுவிழாவுக்குக் கட்டபொம்மன் நாடகத்தில் சில காட்சிகளை நடத்த முடிவு செய்தோம். எட்டாம் வகுப்பு மாணவருக்கு வேடங்களைப் பகிர்ந்தளித்தேன். கட்டபொம்மனாக நடிக்கப் பலர் முந்தினர். எட்டப்பனாக நடிக்க ஒருவரும் முன்வரவில்லை. வகுப்பில் அமைதியான மாணவன் ஒருவன் இருந்தான். நாள்தோறும் எட்டயபுரத்திலிருந்து பேருந்தில் வந்து படிப்பவன். "நீதான் எட்டயபுரத்தான் ஆயிற்றே! எட்டப்பன் வேடம் உனக்கே பொருந்தும்" என்றேன். வகுப்பு முழுதும் சிரித்தது. நானும் சிரித்தேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு ஒப்புக்கொண்டான்.

ஒத்திகை நடந்த நாட்களில், "எட்டப்பா, இங்கே வா" என்று நானே அவனை அழைத்ததுண்டு. மாணவர்களுக்கு அது போதுமாயிற்று. நாடகம் முடிந்தது; கைதட்டல் ஓய்ந்தது; வேடங்கள் கலைந்தன. அவன் பெயர் மட்டும் கலையவில்லை. விளையாட்டில் அணி தோற்றால், 'எட்டப்பன் காட்டிக் கொடுத்துவிட்டான்' என்பர். யாரேனும் செய்த குறும்பு ஆசிரியருக்குத் தெரிந்துவிட்டால், அதற்கும் அவனையே நோக்குவர். ஒரு வாரம் அவன் பள்ளிக்கு வரவில்லை. காய்ச்சலாக இருக்கும் என்று எண்ணினேன். இரண்டாவது வாரமும் வரவில்லை. அப்போதுதான் என் உள்ளத்தில் ஐயம் எழுந்தது.

ஒரு சனிக்கிழமை எட்டயபுரம் சென்று, வழி கேட்டு அவன் வீட்டை அடைந்தேன். சிறிய ஓட்டு வீடு. முற்றத்தில் உலர்த்தியிருந்த பருத்தியைக் கூட்டிக்கொண்டிருந்த அவன் பாட்டி, என்னைக் கண்டதும் எழுந்து, "வாங்க ஐயா" என்று அழைத்துத் திண்ணையில் பாய் விரித்தார். சொம்பில் தண்ணீர் கொடுத்தார். பின்னர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்:

"ஐயா, நான் படிக்காதவள். கட்டபொம்மு கதையைக் கேட்டு நானும் அழுதவள்தான். ஆனால், என்றைக்கோ அரண்மனையில் இருந்தவர் செய்ததற்கு, காட்டில் பருத்தி எடுத்துப் பிழைக்கிற என் வீட்டுப் பிள்ளை ஏன் தலை குனியவேண்டும்? பள்ளிக்கூடத்தில் கொடுத்த பெயரைப் பள்ளிக்கூடத்தில்தானே திரும்ப வாங்கிக்கொள்ளவேண்டும்? நாங்கள் எங்கே போய்க் கேட்பது?"

அம் முதுமகளின் குரலில் சினம் இல்லை. அதனாலேயே அச்சொற்கள் என் நெஞ்சில் ஆழமாகத் தைத்தன. கதவுக்குப் பின்னால் அவன் நின்றுகொண்டிருந்தான். "பாட்டி, நான் செய்தது பிழை" என்று அவன் காதிலும் விழுமாறு சொன்னேன். வேறொன்றும் சொல்லத் தோன்றவில்லை.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. நான் அறிந்திருந்த எட்டப்பன் யார்? திரையில் கண்டவனா, வரலாற்றில் வாழ்ந்தவனா? அடுத்த சில வாரங்களில் நூலகத்தில் கிடைத்த நூல்களைத் தேடிப் படித்தேன். எட்டப்பன் என்பது தனி ஒருவனின் பெயரன்று. எட்டயபுரப் பாளையக்காரர் வழிவழியாகத் தாங்கிய பட்டப் பெயர். தந்தையை இழந்த எட்டு உடன்பிறந்தாருக்கு அம்மரபின் முன்னோன் ஒருவன் தந்தையாய் நின்று காத்தான் என்றும், அதனால் 'எட்டப்பன்' ஆனான் என்றும் மரபுக் கதை கூறுகின்றது. அருளால் வந்ததாகச் சொல்லப்படும் பெயர் இழிவுக்கு உரியதாக மாறிவிட்டது!

எட்டயபுரத்தார் கும்பினியாரின் பக்கம் நின்றது உண்மையே. பாஞ்சாலங்குறிச்சிக்கும் எட்டயபுரத்துக்கும் நெடுநாளாக எல்லைப் பூசல் இருந்தது. கோட்டையைவிட்டு வெளியேறிய கட்டபொம்மனை எட்டயபுரப் படை கோலார்பட்டி வரை பின்தொடர்ந்து தாக்கியதும் உண்மையே. ஆயினும் அங்கு அவன் பிடிபடவில்லை. புதுக்கோட்டைத் தொண்டைமான் ஆட்சிக்குட்பட்ட பகுதியிலேயே பிடிபட்டான். அங்கிருந்தே கும்பினியாரிடம் ஒப்படைக்கப்பட்டான். பழியை ஒருவர் தலையினின்று எடுத்து இன்னொருவர் தலையில் வைப்பதற்காக இதனைச் சொல்லவில்லை. பாளையங்கள் பலவும் அச்சத்தாலும் பகையாலும் பிரிந்து கிடந்த காலம் அது. பலர் செய்த பிழையைச் சுமக்கக் கதைக்கு ஒரு பெயர் தேவைப்பட்டது. எட்டப்பன் என்னும் பெயர் அச் சுமையை ஏற்றது. அப் பெயரைச் சுமந்த ஊர் அதனை இறக்கி வைக்க இயலாது நிற்கின்றது.

அவ்வூரோ சாமானிய ஊரன்று. உமறுப் புலவர் வாழ்ந்த ஊர். இசைமேதை முத்துசுவாமி தீட்சிதர் தம் இறுதி நாட்களைக் கழித்து 1835-இல் மறைந்த ஊர். 1882-இல் சுப்பிரமணியன் என்னும் குழந்தை பிறந்ததும், பதினோரு வயதில் அரண்மனைப் புலவர் அவையில் 'பாரதி' என்னும் பட்டம் பெற்றதும் அங்கேதான். ஒரே அரண்மனை நமக்கு இரண்டு பெயர்களைத் தந்தது. ஒன்றைப் போற்றுகின்றோம், மற்றொன்றைத் தூற்றுகின்றோம். அவ்வூரில் பிறந்த சிறுவனை அழைக்க நான் எதனைத் தேர்ந்தெடுத்தேன்!

அந்நாட்களில்தான் டிக்கன்ஸைப் பற்றிய ஒரு செய்தி எனக்குக் கிடைத்தது. இளமையில் அவர் எழுதிய ஆலிவர் டுவிஸ்ட் என்னும் நாவல் 1837 முதல் 1839 வரை வெளிவந்தது. அநாதைச் சிறுவரைத் திருடராக்கும் பேகின் என்னும் கிழவன் அதில் வருகின்றான். அவன் யூதன். ஆசிரியர் அவனைப் பெயரால் குறிப்பதைக் காட்டிலும் 'அந்த யூதன்' என்று குறித்த இடங்களே மிகுதி. படித்தவர் நெஞ்சில் ஒரு கயவனின் பழி ஓர் இனத்தின் மேல் படிந்தது. ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகள் சென்ற பின், 1863-இல், எலிசா டேவிஸ் என்னும் யூதப் பெண்மணி டிக்கன்ஸுக்குக் கடிதம் எழுதினார். டிக்கன்ஸ் முன்பு குடியிருந்த வீட்டை விலைக்கு வாங்கியவரின் மனைவி அவர். பேகினைப் படைத்ததன் வாயிலாகத் தம் மக்களுக்குப் பெருந்தீங்கு இழைக்கப்பட்டது என்பதே அக்கடிதத்தின் கருத்து.

புகழின் உச்சியில் இருந்த டிக்கன்ஸ் முதலில் தம் எழுத்துக்குச் சமாதானமே கூறினார். ஆயினும் அக்கடிதம் அவர் உள்ளத்தை விட்டு அகலவில்லை. 1864-இல் தொடங்கிய அடுத்த நாவலில் ரையா என்னும் நல்ல முதியவரை யூதராகவே படைத்தார். 1867-இல் ஆலிவர் டுவிஸ்ட் மறுபதிப்பு வந்தபோது, பின்பகுதியில் 'யூதன்' என்றிருந்த பல இடங்களைத் தாமே திருத்தினார். அப் பெண்மணி நன்றியுடன் அவருக்கு எபிரேய மொழித் திருமறை ஒன்றைப் பரிசளித்தார்.

திருத்தம் எழுதப்பட்டது, எனினும் கறை முழுதும் நீங்கவில்லை. 1948-இல் அந்நாவல் இங்கிலாந்தில் திரைப்படமானபோது பேகினின் வேடம் பழைய கேலிச் சித்திரத்தையே ஒத்திருந்தது. எதிர்ப்பு எழுந்தது. அமெரிக்காவில் 1951-இல்தான், அதுவும் சில பகுதிகள் நீக்கப்பட்ட பின்னரே, அப்படம் வெளியாயிற்று. எழுதிய கை திருத்திய பின்பும், எழுத்து தன் வழியே நடந்து செல்கின்றது.

இதனைப் படித்தபோது எட்டயபுரத்துப் பாட்டியின் முகம் என் கண்முன் தோன்றியது. எலிசா டேவிஸ் கடிதத்தில் எழுதியதையே அவர் திண்ணையில் இருந்து சொன்னார். பேராசிரியர் பலரும் போற்றும் நாவலாசிரியர் ஒருவர், தம் பிழையை ஒப்புக்கொண்டு திருத்த முன்வந்தார் எனில், பள்ளி ஆசிரியனாகிய எனக்கு என்ன தயக்கம்?

திங்கட்கிழமை வகுப்பில் மாணவர் முன் நின்று, "நான் உங்கள் தோழனுக்கு ஒரு பெயர் வைத்தேன். அது பிழை. அதனை இன்று திரும்பப் பெறுகின்றேன்" என்றேன். வகுப்பு அமைதியாயிற்று. நூல்களில் படித்ததை எளிமையாக எடுத்துச் சொன்னேன். அம் மாத இறுதியில் மாணவர்களை ஒரே நாளில் இரண்டு ஊர்களுக்கும் அழைத்துச் சென்றேன். காலையில் பாஞ்சாலங்குறிச்சி. நினைவுக் கோட்டையையும் ஜக்கம்மாள் கோயிலையும் பார்த்தோம். பழைய கோட்டை இருந்த மண்மேட்டில் மாணவர் சிலர் குனிந்து மண்ணைத் தொட்டு நெற்றியில் இட்டுக்கொண்டனர். பிற்பகல் எட்டயபுரம். பள்ளிக்குத் திரும்பிவிட்டிருந்த அம் மாணவனே முன்னே நடந்து வழிகாட்டினான். பாரதி பிறந்த வீட்டின் முன் நின்று, "இதுதான் எங்கள் ஊர்" என்றான். அன்று அவன் தலை குனிந்திருக்கவில்லை.

மறு ஆண்டு விழாவிலும் கட்டபொம்மன் நாடகமே நடந்தது. அதனை நிறுத்திவிட எனக்கு மனம் வரவில்லை, நிறுத்தவேண்டியதும் இல்லை. அவ்வீரனின் கதை நம் மக்கள் நிமிர்ந்து நிற்பதற்குத் துணை செய்த கதை. ஆனால் நாடகத்தின் தொடக்கத்தில் கட்டியங்காரன் பேசும் பகுதி ஒன்றைச் சேர்த்து எழுதினேன். இது வரலாற்றைத் தழுவிய கதை என்பதையும், அன்று பாளையங்கள் பிரிந்து கிடந்தமையே கேட்டுக்குக் காரணம் என்பதையும் அவன் அவையோருக்குச் சொல்லவேண்டும். அவ்வேடத்தை அம் மாணவனே கேட்டுப் பெற்றான். மேடையில் நின்று, "நான் எட்டயபுரத்தான், கட்டபொம்மன் கதையைச் சொல்ல வந்தேன்" என்று உரத்த குரலில் தொடங்கினான். அவையில் ஒருவரும் சிரிக்கவில்லை. முன்வரிசையில் அவன் பாட்டி அமர்ந்திருந்தார்.

இவ்வளவால் நாட்டில் அச்சொல் மறைந்துவிடவில்லை. இன்றும் மேடைப் பேச்சிலும் செய்தித்தாளிலும் காட்டிக் கொடுப்பவனைக் குறிக்க அதனையே எடுத்தாளுகின்றனர். அதனைக் கேட்கும்போதெல்லாம், எங்கோ ஒரு வகுப்பறையில் ஒரு சிறுவன் தலை குனிவானே என்று என் உள்ளம் வருந்துகின்றது.

மாணவர்களே, நல்ல கதைகளைத் தேடிப் படியுங்கள். அவை நூறாண்டு கடந்தும் வாழும்; நம் பேச்சிலும் நடையிலும் கலந்து நம்மை உருவாக்கும். கட்டபொம்மனின் துணிவும், டிக்கன்ஸ் காட்டிய ஏழைக் குழந்தைகளின் துயரும் நமக்குக் கதைகளாலேயே கிடைத்த செல்வங்கள். ஆயினும் கதை தரும் பெயரை ஒரு மனிதன் மேல் ஒட்டுவதற்கு முன் சற்றே நின்று எண்ணுங்கள். கரிசல் மண்ணைப் போல அஃது எளிதில் ஒட்டிக்கொள்ளும். அதனைக் கழுவுவதற்குத்தான் நீர் அரிது.